ஃபிலிம் ரோலைத் தபாலில் கழுவ அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தபாலில் போகும் ஃபிலிம் வழியில் தொலைந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் பயம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. பார்சல் கட்டுவதற்கு முன்பே ரோலுக்குள் வெளிச்சம் புகுந்திருக்கும். இல்லையென்றால் லேப்பில் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்போம். கழுவுகிறவர் கையில் இருப்பது ஒரு கேசட் மட்டும். எந்த வேகத்தில் எடுத்தீர்கள், எந்தக் கேமராவில் போட்டீர்கள், பாதியில் பின்கதவு திறந்ததா என்பதெல்லாம் அந்த டப்பாவைப் பார்த்துத் தெரியாது. நேரில் கொடுத்தால் கவுண்டரில் நாலு கேள்வி கேட்பார்கள். தபாலில் அனுப்பும்போது அந்த நாலு கேள்விக்கும் பதிலை நீங்களே எழுதி உள்ளே வைக்க வேண்டும்.

முதலில்: இது எந்த வகை ஃபிலிம்?

கேசட்டிலோ, காகிதத்தோடு சுற்றிவரும் அகலமான 120 ரோலின் காகிதத்திலோ கழுவும் முறையின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். கலர் நெகட்டிவ் என்றால் சி-41, ஸ்லைடு என்றால் இ-6. கறுப்பு வெள்ளைக்கு ஒரே முறை கிடையாது; ஒவ்வொரு லேப்பும் தனக்குப் பழகிய டெவலப்பரை (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) வைத்திருக்கும். பெயரைப் பார்க்காமல் அனுப்புவதில் உள்ள ஆபத்து சாதாரணமானதல்ல. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமை சி-41 இயந்திரத்தில் விட்டால், அதிலுள்ள ப்ளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து படமாக நிற்கும் வெள்ளியையே கரைத்துவிடும். வெறும் பிளாஸ்டிக் நாடாதான் வெளியே வரும். கலர் நெகட்டிவைக் கறுப்பு வெள்ளை ரசாயனத்தில் கழுவினால் உருவம் கிடைக்கும், நிறம் திரும்பாது. ஸ்லைடை சி-41இல் கழுவினால் நிறம் தாறுமாறாகி, கான்ட்ராஸ்ட் ஏறிய நெகட்டிவ் வரும். சிலர் அதை விரும்பிச் செய்வதுண்டு; அப்படியானால் அதையும் எழுதித்தான் கேட்க வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள் சில உண்டு. இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் கறுப்பு வெள்ளைப் படம்தான் தரும், ஆனால் கழுவ வேண்டியது சி-41இல். கோடக் விஷன்3 போன்ற சினிமா ஃபிலிம் பல காலமாகப் பின்பக்கம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சோடு வந்தது. அதை அப்படியே சி-41 இயந்திரத்தில் விட்டால் கரி உதிர்ந்து ரசாயனம் கெடும், உங்கள் ரோலோடு அன்று கழுவிய மற்றவர்களின் ரோல்களும் கெடும். அதற்கு இசிஎன்-2 முறை வைத்திருக்கும் லேப்பைத் தேட வேண்டும். அதே சினிமா ஃபிலிமின் கரிப்பூச்சை முன்கூட்டியே நீக்கி விற்கும் சினிஸ்டில் 800டி சி-41இலேயே கழுவப்படும். யாரோ சுற்றிக்கொடுத்த ரோலில் உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், 'தெரியாது' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதுவதைவிட அது மேல்.

பழைய பெட்டியில் கிடைத்த கோடாக்ரோம் என்ற கோடக் ஸ்லைடு ஃபிலிம் இருந்தால் நிறத்தை மறந்துவிடுங்கள். அதற்கான கே-14 முறையைக் கடைசிவரை நடத்தியது அமெரிக்காவின் கான்சாஸில் உள்ள ட்வெயின்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30 வரை வந்த ரோல்களோடு அதுவும் நின்றது. இன்று அதைக் கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். சி-41 வந்தது 1972இல். அதற்கு முந்தைய சி-22 ரோல்களுக்கும் பெரும்பாலான லேப்களில் இதே கதிதான்.

ஏபிஎஸ் என்ற பழைய சிறு கேசட்டின் ஒரு முனையில் நான்கு குறிகள் இருக்கும், அவற்றில் ஒன்று வெள்ளையாகத் தெரியும். வட்டம் என்றால் இன்னும் எடுக்காதது, அரைவட்டம் பாதி எடுத்தது, பெருக்கல் குறி முழுதும் எடுத்தது, செவ்வகம் ஏற்கெனவே கழுவியது. செவ்வகம் வெள்ளையாகத் தெரியும் கேசட்டைக் கழுவ அனுப்பித் தபால் செலவை வீணாக்க வேண்டாம். ஏபிஎஸ், அதைப் போன்ற பழைய வகைகளான 110, 126 மூன்றையும் எல்லா லேப்பும் எடுப்பதில்லை. கழுவ ஒப்புக்கொண்டாலும் ஸ்கேன் செய்யும் ஹோல்டர் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

கேமராவிலிருந்து கழற்றுவது

35 மி.மீ. ரோலில் கைப்பிடி சுற்றும் கேமரா என்றால், அடியில் உள்ள ரீவைண்ட் பொத்தானை அழுத்திவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் ஓர் இழுவிசை கையில் தெரியும். கடைசியில் சட்டென்று தளரும். ஃபிலிம் எதிர்ப்பக்க ஸ்பூலிலிருந்து விடுபட்டது என்று அர்த்தம். அதன்பிறகும் நாலைந்து சுற்று சுற்றி, ஃபிலிமின் நாக்கு போன்ற முன்முனையையும் கேசட்டுக்குள் இழுத்துவிடுவது நல்லது. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரோல் புதிது போலவே இருக்கும். அதைத் தவறுதலாக மறுபடி கேமராவில் போட்டு இரண்டு முறை எடுத்தவர்கள் ஏராளம். நாக்கு வெளியே இருந்தால்தான் வசதி என்று உங்கள் லேப் சொன்னால் வெளியே விட்டு, நுனியை நன்றாக மடக்கிவிடுங்கள்.

சுற்றும்போது இழுவிசை சற்றும் குறையாமல் ஒரேயடியாக இறுகினால் பலம் போடாதீர்கள். பொத்தான் சரியாக உள்ளே போகவில்லை. தொடக்கத்திலிருந்தே இழுவிசை இல்லாமல் தளர்வாகச் சுற்றினால், கடைசிப் படத்தில் லீவரை வேகமாக இழுத்து ஃபிலிமைக் கேசட்டின் ஸ்பூலிலிருந்து பிய்த்துவிட்டீர்கள். இரண்டாவதென்றால் பின்கதவைத் திறக்கக் கூடாது. சேஞ்சிங் பேக்கிலோ (கைகளை நுழைத்து வேலை செய்யும், வெளிச்சம் புகாத பை) முழு இருட்டறையிலோ எடுத்து, வெளிச்சம் ஊடுருவாத கறுப்பு டப்பாவில் போட்டு, மூடிக்கு மேல் டேப் சுற்றி, 'ஃபிலிம் கேசட்டுக்கு வெளியே உள்ளது, இருட்டில் மட்டும் திறக்கவும்' என்று டப்பாவின் மேலேயே எழுதுங்கள். உள்ளே வைக்கும் சீட்டில் மட்டும் எழுதினால் டப்பாவைத் திறந்த பிறகுதான் சீட்டைப் படிப்பார்கள்.

பின்கதவு தவறித் திறந்துவிட்டால் உடனே மூடுங்கள். பலர் ரோலே போய்விட்டது என்று தூக்கியெறிகிறார்கள், தேவையில்லை. சாதாரணக் கேமராவில் எடுத்த படங்கள் எதிர்ப்பக்க ஸ்பூலில் அடுக்காகச் சுற்றியிருக்கும். வெளிச்சுற்றில் இருக்கும் கடைசிச் சில படங்கள்தான் போகும், உள்சுற்றுகள் பெரும்பாலும் தப்பும். ரோலைப் போட்டதும் முழு ஃபிலிமையும் முதலிலேயே வெளியே இழுத்துக்கொண்டு, எடுக்க எடுக்க உள்ளே அனுப்பும் மோட்டார் கேமராக்களில் நிலைமை இன்னும் நல்லது. எடுத்தவை கேசட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

120இல் கவனம் வேறு இடத்தில் வேண்டும். கடைசிப் படத்துக்குப் பிறகு காகிதம் முழுதும் சுற்றும்வரை திருகுங்கள். நிழலில் நின்று திறங்கள். ரோலை வெளியே எடுக்கும்போதே கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்; விட்டால் ஸ்பிரிங் மாதிரி விரியும். காகித நுனியை உள்ளே மடித்து ஒட்டும் பட்டையை இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்ந்துபோன ரோலை முறுக்கி இறுக்கப் பார்க்காதீர்கள், ஃபிலிமின் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். தளர்ந்தது தளர்ந்ததாகவே இருக்கட்டும். உடனே அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, 'தளர்வான ரோல்' என்று எழுதிவிடுங்கள்.

யூஸ் அண்ட் த்ரோ கேமராவை அப்படியே முழுதாக அனுப்புங்கள். 1888இல் வந்த முதல் கோடக் கேமராவும் இப்படித்தான்: 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே கோடக் நிறுவனம் இருந்த ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். ஃபிளாஷ் உள்ளதைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். பேட்டரி உள்ள பொருளை எடுத்துச்செல்ல கூரியருக்கு ஆட்சேபம் உண்டா என்று மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள்.

எடுத்து முடித்த ரோலை நாள்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். படம் பதிந்த பிறகு கழுவும்வரை அது மெல்ல மங்கிக்கொண்டே இருக்கும். எல்லா ஃபிலிமும் ஒரே வேகத்தில் மங்காது: இல்ஃபோர்ட் பான் எஃப் பிளஸை மூன்று மாதத்துக்குள் கழுவச் சொல்கிறது அதைத் தயாரிக்கும் நிறுவனமே. காத்திருக்கத்தான் வேண்டுமென்றால் காற்று புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஓரிரு மணிநேரம் விட்டுவிட்டுப் பிறகு பார்சல் கட்டுங்கள், இல்லையென்றால் ஈரம் படியும். 120 ரோலில் ஈரம் பட்டால் பின்காகிதத்தின் எண்களும் புள்ளிகளும் படத்திலேயே பதிந்துவிடும்.

ரோலின் மேல் என்ன எழுதுவது

ஒவ்வொரு ரோலுக்கும் ஓர் எண் கொடுங்கள். அழியாத மார்க்கரால் கேசட்டின் உடம்பிலேயே எழுதுங்கள். டேப் ஒட்டி எழுதுவதானால் ஃபிலிம் வெளிவரும் வாயை மறைக்காமல் ஒட்டுங்கள். 120இல் ஒட்டும் பட்டையின் மேல் எழுதலாம்.

புஷ், புல் (கழுவும் நேரத்தைக் கூட்டுவது, குறைப்பது) விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஐஎஸ்ஓ 400 வேகமுள்ள ஃபிலிமைக் கேமராவில் 800 என்று வைத்து எடுத்திருந்தால் '+1 புஷ்' என்று எழுத வேண்டும். வெறுமனே '800' போதாது. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கலர் நெகட்டிவுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் நல்லது என்று 400ஐ 200ஆக வைத்து எடுப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு வேண்டியது சாதாரணக் கழுவல்தான். ஆனால் கேசட்டில் '200' என்று எழுதிவைத்தால், லேப்பில் அதைப் 'புல்' என்று புரிந்துகொண்டு குறைத்துக் கழுவ வாய்ப்புண்டு. எடுத்த வேகத்தை எழுதாதீர்கள், செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள்: 'சாதாரணம்', '+1', '+2', '-1'.

புஷ் என்பது டெவலப்பரில் கூடுதல் நேரம். சி-41இல் வழக்கமான நேரம் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. புஷ் கேட்டால் அதை நீட்டுவார்கள். ரோல் முழுதும் ஒன்றாகத்தான் நீளும். நடுவில் ஐந்து படம் மட்டும் இருட்டாக எடுத்துவிட்டோம் என்பதற்காகப் புஷ் கேட்டால் மற்ற படங்கள் பாதிக்கப்படும். அந்த ஐந்தும் மற்றவற்றைவிட முக்கியமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

உள்ளே வைக்கும் சீட்டு

லேப் தன் படிவம் கொடுத்திருந்தால் அதையே நிரப்புங்கள். இல்லையென்றால் ஒரு தாள் போதும். இப்படி:

பெயர், திரும்ப அனுப்ப முழு முகவரி, போன், மின்னஞ்சல். மொத்தம் 3 ரோல்.
ரோல் 1: 35 மி.மீ., கலர் நெகட்டிவ் 400, 36 படம். சி-41, +1 புஷ். ஸ்கேன் நடுத்தரம், ஜேபெக்.
ரோல் 2: 35 மி.மீ., கறுப்பு வெள்ளை 100, ஹாஃப் ஃப்ரேம், சுமார் 72 படம். சாதாரணம். வெட்டும் முன் ஃப்ரேம் இடைவெளி பார்க்கவும்.
ரோல் 3: 120, ஸ்லைடு 100, 6×6, 12 படம். இ-6, சாதாரணம். மவுண்ட் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம்.
நெகட்டிவ் அனைத்தும் திருப்பி அனுப்பவும்.

கடைசி வரியை மறக்காதீர்கள். ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நெகட்டிவைச் சில வாரம் வைத்திருந்து குப்பையில் போடும் லேப்களும் இருக்கின்றன. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஹாஃப் ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம் இடத்தில் இரண்டு படம்), பனோரமா, ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்த படங்கள் இருந்தால் சொல்லியாக வேண்டும். இயந்திரம் 36 மி.மீ. ஃப்ரேமுக்குப் பழகியது, 65 மி.மீ. பனோரமாவை நட்டநடுவில் வெட்டிவிடும். சந்தேகமிருந்தால் 'வெட்ட வேண்டாம், சுருளாகவே அனுப்பவும்' என்று எழுதுங்கள். வீட்டில் சுற்றிய பல்க் ரோல் என்றாலும் எழுதுங்கள். அதில் ஃபிலிமின் முனையை ஸ்பூலில் டேப்பால் ஒட்டியிருப்பீர்கள், இழுக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரோல்களை வரிசையாக வைத்தும் ஒன்று. 'நாலு ரோல் அனுப்பினேன்', 'மூன்றுதான் வந்தது' என்ற பேச்சு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

ஸ்கேன் எந்த அளவு?

3000×2000 பிக்சல் என்றால் 6 மெகாபிக்சல். 300 டிபிஐயில் 10 அங்குல அகல பிரிண்ட் வரை தாராளம். 6000×4000 கேட்பதானால் ஃபிலிமும் லென்ஸும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 800 ரோலில் அந்த அளவுக்குக் காசு கொடுத்தால் கிரெயினைத்தான் (ஃபிலிமின் மணல் போன்ற புள்ளிகளை) பெரிதாகப் பார்ப்பீர்கள். அதே அளவை 16 பிட் டிஃப் (ஜேபெக்கைவிடப் பெரிய கோப்பு வகை) ஆகக் கேட்டால் ஒரு படம் சுமார் 144 எம்பி, 36 படத்துக்கு 5 ஜிபிக்கு மேல். நிறம் நீங்களே திருத்துவதானால் மட்டும் டிஃப். எல்லாவற்றுக்கும் நடுத்தர ஜேபெக் வாங்கி, தேறிய இரண்டு மூன்று படங்களை மட்டும் பிறகு பெரிதாக ஸ்கேன் செய்வதே சிக்கனம். நெகட்டிவ் கைக்குத் திரும்பியிருந்தால்தான் அது முடியும்.

பார்சல் கட்டுவது

1. 35 மி.மீ. கேசட்டை அதன் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். டப்பா இல்லையென்றால் அலுமினியத் தாள்.
2. எல்லா ரோலையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மழைக்காலமென்றால் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும். ஈரக்கையோடு மூடினால் ஈரத்தையே பூட்டி வைப்பதாகும்.
3. சீட்டையும் அதே ஜிப் பைக்குள் வையுங்கள். வெளி உறை கிழிந்து உள்ளிருப்பது கொட்டினாலும் ரோலும் முகவரியும் ஒன்றாக இருக்கும்.
4. சிறு அட்டைப்பெட்டியில் வைத்து, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்குக் கசக்கிய காகிதம் திணியுங்கள்.
5. எல்லா விளிம்பிலும் அகல டேப். அனுப்புநர், பெறுநர் முகவரி இரண்டும் பெட்டியின் மேல்.

சாதாரணக் காகித உறையில் மட்டும் அனுப்பாதீர்கள். கடிதம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே 25 மி.மீ. தடிமனுள்ள கேசட் மாட்டினால் உறை ஒரு மூலையில் கிழியும், கேசட் தனியாக உருண்டு போகும். உறை மட்டும் கிழிசலோடு போய்ச் சேரும். பப்பிள் கவர் ஒற்றை ரோலுக்குப் போதும், அதிகமென்றால் பெட்டிதான்.

தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிம் தனிக்கதை. மூன்றடுக்கு மூடியுள்ள அசல் பெட்டியில், உள்ளே கறுப்புப் பையில், எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி, வெளியே நாலு பக்கமும் டேப் ஒட்டி, 'இருட்டில் மட்டும் திறக்கவும்' என்று எழுதி அனுப்புங்கள். எத்தனை ஷீட் என்ற எண்ணிக்கை பெட்டியின் மேலேயே இருக்கட்டும்.

எக்ஸ்ரே

கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது, கழுவாததற்குத்தான் ஆபத்து. நிலவழியாக உள்நாட்டில் போகும் பார்சலுக்குக் கவலை குறைவு. விமானத்தில் ஏறினாலோ எல்லை தாண்டினாலோ ஸ்கேன் ஆக வாய்ப்பு கூடும். வேகம் கூடிய ஃபிலிம் சீக்கிரம் பாதிக்கப்படும், 800க்கு மேல் என்றால் தனிக் கவனம் வேண்டும். ஒவ்வொரு முறை ஸ்கேன் ஆகும்போதும் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். புதிய சிடி வகை ஸ்கேனர் ஒரே தடவையில் மங்கலாக்கிவிடும். ஈயப் பையில் போட்டு அனுப்புவதை நம்ப வேண்டாம்; உள்ளே தெரியவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் செய்யத்தான் தோன்றும். 'கழுவாத ஃபிலிம், எக்ஸ்ரே வேண்டாம்' என்று வெளியே ஒட்டுவதில் நஷ்டமில்லை, அதற்கு யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். உருப்படியான வழி, விமானம் ஏறாமல் போகும் லேப்பைத் தேர்ந்தெடுப்பதுதான். வெளிநாட்டுக்கு அனுப்பியே தீர வேண்டுமென்றால் சுங்கப் படிவத்தில் 'எடுத்து முடித்த, கழுவாத ஃபிலிம். கழுவித் திரும்ப வர வேண்டியது' என்று தெளிவாக எழுதுங்கள்.

அனுப்பும் நாள்

வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்த பார்சல் சனி, ஞாயிறு முழுதும் சூடான கிடங்கில் கிடக்கும். வெப்பம் கலர் ஃபிலிமின் நிறத்தைப் புரட்டும். கண்காணிப்பு எண் இல்லாத சேவை வேண்டாம். காப்பீடு எடுத்தாலும் அது ஃபிலிமின் விலைக்குத்தான், படங்களுக்கு அல்ல. லேப்பும் தன் தவறுக்குப் புது ரோல் ஒன்றைத்தான் பெரும்பாலும் ஈடாகத் தரும். அதனால் கல்யாண ரோல்களை ஒரே பார்சலில் போடாதீர்கள்; இரண்டாகப் பிரித்து, முதலாவது போய்ச் சேர்ந்த பிறகு அடுத்ததை அனுப்புங்கள். புதிய லேப் என்றால் போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு ரோலை முதலில் அனுப்பிப் பாருங்கள்.

திரும்பி வந்ததும்: யார் தவறு?

ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே பதிந்தவை, கழுவும்போதுதான் தெரியவரும். உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, அதனால் அவையே சாட்சி.

ஓர எழுத்து அழுத்தமாக, ஃப்ரேம்கள் முழுக்கக் காலி என்றால் ஃபிலிம் கேமராவில் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்து நன்றாக இருந்து படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் எடுத்தபோது வெளிச்சம் போதவில்லை. எழுத்தும் படமும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவல் குறைவு, லேப்பிடம் கேட்கலாம். எழுத்தே இல்லாமல் முழுதும் காலி என்றால் தவறான ரசாயனமாக இருக்கலாம். ஆனால் ஓரத்தில் எதுவும் அச்சிடாத ஃபிலிம்களும் சில உண்டு, முதலில் அதை உறுதி செய்யுங்கள். ஓரம் உட்பட முழுதும் கறுப்பு என்றால் வெளிச்சம் புகுந்தது. 120இல் இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கிக் கறுப்பு பரவியிருந்தால் ரோல் தளர்ந்திருந்தது. ஸ்லைடில் எல்லாம் தலைகீழ்: எடுக்காத ஃபிலிம் கறுப்பாகவும் வெளிச்சம் பட்டது காலியாகவும் வரும்.

கலர் நெகட்டிவ் அழுக்கடைந்தது போலக் கலங்கி, நிறம் செத்துக் கிடந்தால் ப்ளீச் சரியாக வேலை செய்யாமல் வெள்ளி உள்ளேயே தங்கியிருக்கலாம். இதை மறுபடி ப்ளீச், ஃபிக்ஸ் செய்து மீட்க முடியும். நெகட்டிவைத் திருப்பி அனுப்பி அதை மட்டும் கேளுங்கள். மறுபடி டெவலப்பரில் போட வேண்டியதில்லை என்பதையும் சீட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.